சிங்கப்பூரில், மேலே ஊற்றிக் கீழே பிடிக்கும் நீர் வடிகட்டிக்கு மாற்று கேண்டில் தேடுவது எப்படி

கைப்பேசியில் பழைய கேண்டிலின் (நீரை வடிகட்டும் உருளையின்) படத்தைக் காட்டி, “இதே மாதிரி ஒன்று கொடுங்க” என்று கேட்டு வாங்கினால் பாதி நேரம் தப்பான பொருள்தான் வீட்டுக்கு வரும். வெள்ளைப் பீங்கான் கேண்டில்கள் எல்லாம் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். வீட்டில் பொருத்தும்போதுதான் தண்டு ஓட்டைக்குள் போகாது, அல்லது உயரம் கூடி மூடி உட்காராது. அதைவிட மோசம், தண்டு ஓட்டையைவிட மெலிதாக இருப்பது. வாஷர் சரியாக அமராமல், வடிகட்டப்படாத நீர் ஓரமாக இறங்கிக் கீழ்ப் பாத்திரத்தில் கலக்கும். வெளியே ஒரு சொட்டும் கசியாது என்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

ஆகவே கடைக்குப் போகும் முன் அளவெடுங்கள். மேல் பாத்திரத்தைக் காலி செய்து, அடியில் உள்ள நட்டைக் கையால் திருகி, கேண்டிலை வெளியே எடுங்கள். ஐந்து அளவுகள் வேண்டும்: மேல் பாத்திரத்தின் ஓட்டை விட்டம், கேண்டில் தண்டின் மரை விட்டம், தண்டின் நீளம், கேண்டிலின் உயரம், அதன் அடிப்பகுதி விட்டம். எல்லாம் மில்லிமீட்டரில். பேட்டைக் கடைகளில் விற்கும் மலிவான பிளாஸ்டிக் காலிப்பர் போதும். தண்டில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசமே நட்டு ஏறாமல் செய்துவிடும் என்பதால் மரக்கோலை நம்ப வேண்டாம். பழைய நட்டையும் வாஷரையும் ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். புதிய தண்டில் பழைய நட்டு தங்கு தடையின்றி இரண்டு மூன்று சுற்று ஏறினால் மரை பொருந்துகிறது என்று அர்த்தம். மேல் பாத்திரத்தின் உள் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கேண்டிலுக்கும் மூடிக்கும் இடையே இரண்டு விரற்கடையாவது இடம் வேண்டும்.

இனி, உங்களிடம் இருப்பது எந்த வகை?

எவர்சில்வர் இரட்டைப் பாத்திரத்தில் பீங்கான் கேண்டில் என்றால் அது டவுல்டன், பிரிட்டிஷ் பெர்க்ஃபெல்ட் போன்ற வகை, அல்லது இந்தியாவில் பல நிறுவனங்கள் செய்யும் அதே பாணி. வெறும் பீங்கான் கேண்டிலும் உண்டு, உள்ளே கரி நிரப்பிய கேண்டிலும் உண்டு. பழையதைக் குலுக்கிப் பாருங்கள். மணல்போல ஓசை வந்தால் உள்ளே கரித்தூள் இருக்கிறது. கரியைக் கட்டியாக்கி வைத்த கேண்டிலில் ஓசை வராது, எடைதான் கூடுதலாக இருக்கும். பெர்க்ஃபெல்டும் பெர்க்கியும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கறுப்புக் கட்டிகளைக் கொண்ட பெர்க்கி அமெரிக்கப் பொருள். அதில் சேர்க்கப்பட்ட வெள்ளி உலோகத்தை முன்னிட்டு 2022 இறுதியிலிருந்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விற்பனைத் தடை ஆணைகள் பிறப்பித்தது. அதன் பிறகு அசல் கறுப்புக் கட்டி கிடைப்பது கடினமாகிவிட்டது. “பெர்க்கிக்குப் பொருந்தும்” என்று இணையத்தில் விற்பவை பிற நிறுவனங்களின் கட்டிகள். அவற்றுக்கும் அளவெடுக்கும் விதியே பொருந்தும்.

இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் வகை, அதாவது பியூரிட், டாட்டா ஸ்வச் போன்றவை, தனித் தனிக் கேண்டிலாக இல்லாமல் தொகுப்பாக மாற்றப்படுபவை. இங்கே மில்லிமீட்டருக்கு வேலையில்லை; மாடல் பெயரும் லிட்டர் எண்ணும் முக்கியம். பியூரிட்டில் ஒரே பெயரில் 1,500 லிட்டர், 3,000 லிட்டர் தொகுப்புகள் உண்டு. ஒரு மாடலின் தொகுப்பு இன்னொன்றில் உட்காரும் என்று நம்பி வாங்காதீர்கள். 2024இல் பியூரிட் பிராண்டு இந்துஸ்தான் யுனிலீவரிடமிருந்து ஏ.ஓ.ஸ்மித் நிறுவனத்திடம் கைமாறியது. ஆகவே பெட்டியின் தோற்றமோ நிறுவனப் பெயரோ மாறியிருந்தால் மட்டும் போலி என்று முடிவு செய்துவிட வேண்டாம். தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்.

மலேசியாவிலும் இங்கேயும் பரவலாக இருக்கும் “மினரல் பாட்” மூன்றாவது வகை. மேலே கவிழ்த்த கிண்ணம்போல ஒரு பீங்கான், அதன் கீழே அடுக்கடுக்கான கரி, மணல் கொண்ட உருளை, கீழ்ப் பாத்திரத்தில் கற்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று செய்த பெட்டிகள் இதில் ஏராளம், மரையளவு மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடும். உருளையின் மரை விட்டத்தையும், அது ஆண் மரையா (வெளிப்புறம்) பெண் மரையா (உட்புறம்) என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

எங்கே கிடைக்கும்? இந்திய பிராண்டுகளுக்கு சையது ஆல்வி சாலையில் உள்ள முஸ்தஃபா சென்டரையும் சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடைகளையும் முதலில் பாருங்கள். வாஷர், நட்டு, குழாய்த் திருகு போன்ற சில்லறைப் பாகங்களுக்கு ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்டுவேர் கடைகள். உணவுக்கு ஏற்ற சிலிக்கான் வாஷர் என்று கேட்டு வாங்குங்கள், கறுப்பு ரப்பர் நீருக்கு வாடை ஏற்றும். டவுல்டன் போன்றவற்றுக்கு ஷாப்பி, லசாடா, அமேசான் தளங்களில் மாடல் எண்ணைத் தட்டித் தேடலாம். 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு உட்பட்ட பொருளை வெளிநாட்டிலிருந்து வாங்கினாலும் பதிவுபெற்ற தளங்கள் பொருள் சேவை வரி வசூலிக்கும். 2023 முதல் அப்படித்தான், விகிதம் இப்போது 9 விழுக்காடு. விலையை ஒப்பிடும்போது வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்த தொகையைப் பாருங்கள். ஊரிலிருந்து யாராவது கொண்டுவருவதானால் கேண்டிலைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். பெட்டியில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம்.

உள்ளூர் விற்பனையாளரிடம் வாங்குவதில் ஒரு பலம் உண்டு. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள “லெமன்” சட்டத்தின்படி, ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்த குறை என்று கருதப்படும். விற்றவர்தான் மறுத்து நிரூபிக்க வேண்டும். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. இந்த வடிகட்டி எதற்காக? சிங்கப்பூர்க் குழாய்நீர் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டிகளுக்கு உட்பட்டது, அப்படியே குடிக்கலாம். வீட்டு வடிகட்டி செய்யக்கூடியது கிருமிநாசினியின் வாடையைக் குறைப்பதும், கட்டடக் குழாய்களிலிருந்து வரும் துருத் துகள்களைப் பிடிப்பதும்தான். இங்கே நாட்டின் நீர் வாரியமான பொதுப் பயனீட்டுக் கழகம் நீரில் விடுவது குளோரமின் என்னும் கிருமிநாசினி. சாதாரணக் குளோரினைவிட அதைக் கரி மெதுவாகத்தான் அகற்றும். ஆகவே வெறும் பீங்கான் கேண்டில் வாங்கினால் வாடை அப்படியே இருக்கும்; கரி உள்ள கேண்டில் வேண்டும், வினையூக்கக் கரி (catalytic carbon) என்று குறிப்பிட்டிருந்தால் இன்னும் நல்லது. ஊரில் உப்புத்தண்ணீருக்காகச் செய்த வடிகட்டியை இங்கே தேட வேண்டியதில்லை.

சான்றைப் பார்க்கும்போது, அமெரிக்கத் தரச் சான்று அமைப்பான என்எஸ்எஃப் தரும் எண்களைக் கவனியுங்கள். என்எஸ்எஃப் 42 என்றால் சுவை, வாடை, குளோரின் தொடர்பானது. 53 என்றால் ஈயம் போன்ற உடல்நலம் சார்ந்த மாசு. “என்எஸ்எஃப் தரத்தின்படி சோதிக்கப்பட்டது” என்பதும் “என்எஸ்எஃப் சான்று பெற்றது” என்பதும் ஒன்றல்ல. சான்று பெற்ற மாடல் அந்த அமைப்பின் இணையப் பட்டியலில் எண்ணோடு இருக்கும். இல்லையென்றால் விளம்பரத்தை நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள்.

எத்தனை வாங்குவது என்பதற்குக் கணக்கு எளிது. நால்வர் உள்ள வீட்டில் குடிக்க 8 லிட்டர், சமையலுக்கு 4 லிட்டர் என்றால் நாளுக்கு 12. ஆறு மாதத்தில் ஏறத்தாழ 2,200 லிட்டர். 1,500 லிட்டர் தொகுப்பு 125 நாளில் முடிந்துவிடும். 2,000 லிட்டருக்கான கேண்டில் 40 வெள்ளி என்றால் லிட்டருக்கு 2 காசு. 25 வெள்ளிக்கு 1,000 லிட்டர்தான் என்றால் இரண்டரைக் காசு. மலிவாகத் தெரிவது மலிவில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குச் சேர்த்து வாங்கி அலமாரியில் அடுக்க வேண்டாம். கரி காற்றில் உள்ள வாடைகளையும் ஈர்த்துக்கொள்ளும். உறை பிரிக்காத ஒன்று கையிருப்பில் இருந்தால் போதும்.

பொருத்தும்போது கையை நன்றாகக் கழுவுங்கள். கேண்டிலைக் குழாயடியில் அலசுங்கள், சோப்பு வேண்டாம். பீங்கான் துளைகளில் ஏறிய சோப்பு வெளியேறாது. பிறகு ஒரு மணி நேரமாவது நீரில் ஊறவையுங்கள். உலர்ந்த கேண்டிலின் துளைகளில் காற்று அடைத்திருந்தால் நீர் இறங்காது. “புது கேண்டில் வேலை செய்யவில்லை” என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் பல இந்தக் காற்றடைப்பால்தான். ஊறிய பிறகும் சொட்டவில்லையென்றால், தண்டின் வாயில் ரப்பர் வாஷரை வைத்துக் குழாயோடு அழுத்தி, மெதுவாக நீரைத் திறந்துவிடுங்கள். கேண்டிலின் மேற்புறம் வியர்த்ததுபோல நனையும்வரை பத்துப் பதினைந்து விநாடி போதும்.

வாஷர் பாத்திரத்தின் உட்பக்கம், கேண்டிலுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே வர வேண்டும். நட்டு கீழ்ப்பக்கம். கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று. இடுக்கி வேண்டாம், பிளாஸ்டிக் தண்டு கேண்டிலோடு ஒட்டிய இடத்தில் விரியும். இரண்டு ஓட்டையில் ஒரு கேண்டில் மட்டும் போடுவதானால் மற்றதை அடைப்பான் கொண்டு மூட வேண்டும். முதல் இரண்டு பாத்திர நீரையும் கொட்டிவிடுங்கள், செடிக்கு ஊற்றலாம். கறுப்பாக வருவது கரித்தூள். மூன்றாவது முறையும் வந்தால் கரி கட்டி உடைந்திருக்கிறது, மாற்றிக் கேளுங்கள்.

அடுத்த நாள் மேல் பாத்திரத்தை நிரப்பி, ஒரு லிட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து, மூடியின் உட்பக்கம் தேதியோடு ஒட்டிவையுங்கள். பிற்பாடு அந்த நேரம் இரட்டிப்பானால் பீங்கானை மென்மையான தூரிகையால் ஓடும் நீரில் தேய்க்கலாம். தேய்த்தும் வேகம் திரும்பவில்லையென்றால் மாற்றுங்கள். வேகம் திடீரென்று கூடினால் யாரும் கவலைப்படுவதில்லை, கவலைப்பட வேண்டியது அப்போதுதான்: விரிசல் அல்லது தளர்ந்த வாஷர். கேண்டிலைத் தேய்த்துக் கழுவினால் உள்ளே இருக்கும் கரி புத்துயிர் பெறாது. கரியை எப்போது மாற்றுவது என்பதை லிட்டர் கணக்கே சொல்லும். கரி வேலை செய்கிறதா என்று பார்க்க, மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சோதனைத் தாளை வாங்குங்கள். “மொத்தக் குளோரின்” காட்டும் தாளாக இருக்க வேண்டும். தனிக் குளோரினை மட்டும் காட்டுவது நம் குளோரமினைக் காட்டாது. குழாய்நீரையும் வடிகட்டிய நீரையும் பக்கத்தில் பக்கத்தில் சோதித்தால் வித்தியாசம் தெரியும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இன்னொன்று. மொட்டைமாடி நீர்த்தொட்டி சுத்தம் செய்வதாக மின்தூக்கிக்கு அருகே நகர மன்ற அறிவிப்பு ஒட்டியிருந்தால், அன்று மாலை குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டு, நீர் தெளிந்த பிறகே வடிகட்டியில் ஊற்றுங்கள். கலங்கிய நீர் கேண்டிலின் ஆயுளைத் தின்றுவிடும். கொதிநீரையும் ஊற்றாதீர்கள், கேண்டிலின் ஒட்டு இளகும்.

கீழ்ப் பாத்திரத்தைத்தான் பலர் மறக்கிறார்கள். கரி குளோரமினை எடுத்துவிட்டால் அந்த நீருக்குப் பாதுகாப்பு இல்லை. 30 பாகை வெப்பத்தில் இரண்டு நாள் நின்றால் பாத்திரச் சுவர் வழவழப்பாகும். வாரம் ஒருமுறை கீழ்ப் பாத்திரத்தையும் குழாய்த் திருகையும் கழற்றிக் கழுவி உலர்த்துங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் முழுவதும் வடித்துவிட்டு, கேண்டிலைத் தனியே காயவைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் மறுபடி ஊறவைத்து, முதல் பாத்திர நீரைக் கொட்டுங்கள். பழைய கேண்டில் பீங்கான் என்பதால் நீல மறுபயனீட்டுத் தொட்டியில் போகாது, சாதாரணக் குப்பையோடு சேர்த்துவிடுங்கள்.