காரங்காட்டு அலையாத்திய மேப்ல போடுறீங்களா, சீமைக்கருவேலத்துகிட்ட ஏமாந்துடாதீங்க

ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப் போடுற வேலை) கத்துக்க காசு ஒண்ணும் வேணாம், அதுக்கான க்யூஜிஐஎஸ் சாஃப்ட்வேர் ஃப்ரீ, சென்டினல்-2 சாட்டிலைட் படமும் கோபர்நிகஸ் பிரௌசர்ங்கற வெப்சைட்ல ஃப்ரீயாவே கெடைக்குது. நம்ம ராமநாதபுரம் கரையில சிக்கலே வேற, கரைச்சேத்துல வளர்ற அலையாத்தியையும் சீமைக்கருவேலத்தையும் படத்துல பிரிச்சுப் பாக்குறதுதான்.

மொதல்ல தேதி. ஐப்பசி கார்த்திகைல எடுத்தா பாதி மேகம், மிச்சத்துல புல்லு பூண்டு எல்லாமே பச்சை. சித்திரை வைகாசி படமா எடுங்க, புல்லு காஞ்சு போயிருக்கும், அப்பவும் பச்சையா நிக்கிறது பெரும்பாலும் மரம்தான், 5 நாளைக்கு ஒருக்கா படம் வர்றதால தெளிவான நாள் எப்படியும் மாட்டும்.

அடுத்து மேப்ல அடுக்குற எல்லா லேயரையும் மீட்டர்ல அளக்குற யூடிஎம் 44 வடக்குங்கற ஆயமுறைக்கு (க்யூஜிஐஎஸ்ல அதோட நம்பர் இபிஎஸ்ஜி 32644) மாத்திடுங்க. நான் இத மறந்துட்டு, கரையில இருந்து 500 மீட்டர் பஃபர் (சுத்தி ஒரு பட்டை) போடலாம்னு டிகிரி லேயர்ல 500 அடிச்சு, அது 500 டிகிரின்னு எடுத்துக்கிட்டதால உலகத்தையே முழுங்குற வட்டம் வந்து திருதிருன்னு முழிச்சேன்.

அப்புறம் க்யூஜிஐஎஸ்ல இருக்கற ராஸ்டர் கால்குலேட்டர்ல என்டிவிஐ, அதாவது எவ்ளோ பச்சைன்னு காட்டுற கணக்கு (பேண்டுன்னா ஒரு அலைநீளத்துக்கான தனிப் படம், 8 அகச்சிவப்பு, 4 சிவப்பு): பேண்ட் 8ல இருந்து 4ஐக் கழிச்சு, ரெண்டோட கூட்டுத்தொகையால வகுக்கணும். இங்கதான் ஏமாத்து வேலை. சீமைக்கருவேலம் எந்தக் கோடையிலயும் பச்சையா நிக்கும், அலையாத்தியும் அப்படித்தான், என்டிவிஐக்கு ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் தெரியாது. அதனால பேண்ட் 11ஐ (குறு அலை அகச்சிவப்பு) சேத்துக்கங்க, அந்த அலைநீளத்த தண்ணி உறிஞ்சிக்கும், அலையாத்திக்கு அடியில எப்பவும் ஈரச்சேறு இருக்கறதால அது இருட்டாத் தெரியும், காஞ்ச தரையில நிக்கிற கருவேலம் வெளிச்சமாத் தெரியும். 8, 11, 4ஐ சிவப்பு பச்சை நீலமா வச்சா அலையாத்தி நல்லா செவந்து நிக்கும், கருவேலம் கொஞ்சம் மஞ்சளுக்கு சாயும். ஒண்ணு கவனிங்க, 11வது பேண்டுக்கு படத்தோட ஒரு கட்டம் (பிக்சல்) 20 மீட்டர், ஓடைக்கரையில ஒத்த வரிசையா நிக்கிற மரமெல்லாம் தண்ணியோட கலந்து காணாமப் போயிடும்.

இத ஏன் இவ்ளோ இழுக்குறேன்னா, கருவேலம் புடுங்க ஜேசிபி வரும்போது நீங்க மேப்ல போடுற எல்லைக் கோட்ட நம்பித்தான் வரும், கோடு தப்புனா அலையாத்தியும் சேந்து போயிடும்.

அதனால வனத்துறைகிட்ட அனுமதி வாங்கிட்டு, க்யூஃபீல்டுங்கற போன் ஆப்ல மேப்ல இருந்து ஒரு 40 புள்ளி ஏத்திக்கிட்டு, அங்க நிக்கிறது அலையாத்தியா கருவேலமான்னு நடந்து பாத்துடுங்க. போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், மரக்கூட்டத்தோட ஓரத்துல நிக்காம நடுவுல நின்னு குறிங்க. நண்டு புடிக்க வர்ற அண்ணன்மாருகிட்டயும் கேளுங்க, எந்த எடம் பழசு எது நட்டதுன்னு அவங்களுக்குத் தெரியும். ஒத்து வராத எடத்த எதுலயும் சேக்காம ‘சந்தேகம்’னு தனி லேயரா சாம்பல் கலர்ல போட்டு வைங்க.