எல்லையோரச் சென்ரியு: எழுதுவதும் தூரிகையில் ஏற்றுவதும்

ஹைக்கூ, சென்ரியு என்ற இரண்டு ஜப்பானியக் குறும்பாக்களுக்கும் அளவு ஒன்றுதான்: மூன்று அடியில் 5-7-5 அலகு. ஹைக்கூ பருவச் சொல் கேட்கும். சென்ரியுவுக்கு மனிதரின் ஆசை, பாசாங்கு, வீறாப்பு போதும். எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) கராய் சென்ரியு என்பவர் 1757 முதல் நடுவராக இருந்த போட்டிகளில் 7-7 அளவில் ஒரு முன்னடி தருவார்கள். மக்கள் அதற்கு 5-7-5இல் பதில் எழுதி அனுப்புவார்கள். 1765இல் வந்த ‘யானகிதரு’ முதல் தொகுப்பு, முன்னடி இல்லாமலே புரிகிற பாக்களைத் தேர்ந்து எடுத்தது. உங்கள் பாவுக்கும் இதுவே சோதனை. விளக்கம் சொல்லாமல் வாசித்துக் காட்டுங்கள், கேட்டவர் “யாரு, எங்க?” என்று கேட்டால் பா இன்னும் முடியவில்லை.

ஜப்பானியத்தில் நெடிலுக்கு இரண்டு அலகு. தமிழில் அப்படி எண்ணினால் ஐந்தலகில் இரண்டு சொல்கூட அடங்காமல் போகலாம். கட்டளைக் கலித்துறை என்னும் செய்யுள் வகையில் செய்வதுபோல், புள்ளி வைத்த ஒற்றெழுத்தை விட்டுவிட்டு உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ணுங்கள்.

தமிழ்நாட்டை ஒட்டிய கேரள எல்லை ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிக்குத் தடை வந்தபின், சீட்டு வாங்கவே எல்லை தாண்டி வருகிறவர்கள் உண்டு. அதில் ஒன்று:

லாட்டரிக் கடை
கடன் கேட்டு நிற்கிறார்
நாளைய செல்வர்

மூன்றாம் அடியில் ‘பேராசைக்காரர்’ என்று வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை 5 சரியாகவே வரும். தீர்ப்பை எழுதுகிறவரே சொல்லிவிடுவதால் வாசிப்பவருக்குச் சிரிக்க இடமில்லாமல் போவதுதான் குறை. குற்றத்தைப் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். அந்த ஆள் தன்னைப் பற்றி நினைத்திருப்பதையே சொல்லுங்கள். எல்லாத் திருத்தமும் பென்சிலில் முடியட்டும். ஷோதோ என்னும் தூரிகை எழுத்தில், ஒருமுறை இழுத்த கோட்டின் மேல் மறுபடி இழுப்பது கூடாது. மேலே பூசினால் விளிம்பு இரட்டையாகத் தெரிந்து, கோட்டின் ஓட்டம் செத்துவிடும்.

தாள்: ஹான்ஷி, ஏறக்குறைய 24 × 33 செ.மீ. கிடைக்காவிட்டால் பசை ஏற்றாத மெல்லிய கைத்தாள். ஒரு சொட்டு மை விட்டால் ஓரம் லேசாகக் கசிய வேண்டும். கசியாமல் மேலேயே நின்றால் அது பசை ஏற்றிய தாள். அடியில் கம்பளித் துணி விரியுங்கள். குப்பியில் வரும் ஜப்பானிய மை போதும். நீர் புகாத வரைபட மை வேண்டாம். அதிலுள்ள அரக்கு காய்ந்து தூரிகை மயிரைக் கட்டியாக்கிவிடும். மைக்கட்டி வைத்திருந்தால் கல்லில் சில சொட்டுக் குளிர்ந்த நீர் விட்டு, அழுத்தாமல் வட்டமாக 10 முதல் 15 நிமிடம் தேயுங்கள். அதில் விலங்குப் பசை இருப்பதால் தேய்த்த மை மறுநாளே நாறும். வேண்டிய அளவு மட்டும் தேய்த்தால் போதும்.

தூரிகை 7 அல்லது 8 மி.மீ. தடிமன். புதிதில் பசையால் விறைத்திருக்கும். நுனியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நீரில் இளக்குங்கள். முழுக்க இளக்கினால் நுனி விரிந்து, சிறிய எழுத்து வசப்படாது.

தாளைப் படுக்கைவாக்கில் வையுங்கள். செங்குத்தாக எழுதும் ஆசை தமிழுக்கு ஒத்துவராது. ‘கே’யின் கொம்பும் ககரமும் பிரிந்தால் படிக்க முடியாது. எழுத்தின் உயரம் 2.5 செ.மீ. இருக்கட்டும். நடு அடி நீளமானது. ‘கடன் கேட்டு’ ஒரு வரி, ‘நிற்கிறார்’ சற்று உள்தள்ளி அடுத்த வரி. வரிகளை இப்படி ஏற்ற இறக்கமாகச் சிதறவிடும் முறை ஜப்பானிலும் உண்டு.

தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, முழங்கையைத் தூக்கித் தோளிலிருந்து அசையுங்கள். மணிக்கட்டால் மட்டும் வளைத்தால் சுழியின் ஒரு பக்கம் மெலியும். ஜப்பானியக் கோட்டின் மூன்று முடிவுகளில் தமிழுக்கு அதிகம் உதவுபவை இரண்டு: அழுத்தி நிற்கும் ‘தோமே’, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே விலகும் ‘ஹராய்’. ககரத்தின் மேற்கோட்டுக்கு முதலாவது, ரகரத்தின் காலுக்கு இரண்டாவது. புள்ளியைச் சுழற்றிப் பெரிதாக்க வேண்டாம். வைத்து, அழுத்தி, நேராக எடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது ல, ள, வ ஆகியவற்றின் சுழிதான். உள்ளே மை அடைத்துக்கொள்ளும். மை மிகுதி, அல்லது திருப்பத்தில் தயக்கம். கிண்ணத்தின் விளிம்பில் தூரிகையை வழித்துவிட்டு, சுழியை நினைத்ததைவிடச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள். ஒரு வரிக்கு ஒருமுறைதான் தோய்க்க வேண்டும். வரி முடிவில் கோடு வறண்டு நரைத்தால் அதைக் கெடுதி என்று நினைக்காதீர்கள். ‘கசுரே’ என்ற அந்த வறட்சியை விரும்பியே வரவழைப்பார்கள்.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் தாள் ஈரம் உறிஞ்சி, நேற்று அடங்கிக் கசிந்த மை இன்று பரவி ஓடும். தாள்களை மூடிய டப்பாவில் வைத்து, மையில் நீர் கலக்காமல் எழுதுங்கள். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் உலர்ந்த காற்றில் சிக்கல் தலைகீழ்: வரி முடியுமுன் நுனி காய்ந்துவிடும். கிழக்குச் சன்னலைச் சாத்திவிட்டு, தாளின் மேல்விளிம்பில் கனமான இரும்புப் பட்டை வையுங்கள்.

எழுதி முடித்ததும், சிறிய தூரிகையைக் குழாயடியில் கழுவ வேண்டாம். ஈரத் தாளில் நுனியை இழுத்து, மை வராமல் ஆகும்வரை துடைத்து, கூராக்கி, நுனி கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மூடி போட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து மயிர் உதிரும்.