ஸ்லாலம் வாட்டர் ஸ்கீயிங்: கோச்சிடம் ஆலோசனை கேட்பது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்துப் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலையில் இருக்கிறார்கள். அங்கே லீவு நாளில் வாட்டர் ஸ்கீயிங் (படகு ரோப்பால் இழுக்க, காலில் ஸ்கீ பலகை மாட்டித் தண்ணீர்மேல் சறுக்குவது) பழகி, இரண்டு ஸ்கீயிலிருந்து ஒற்றை ஸ்கீக்கு வந்து, இப்போது ஸ்லாலம், அதாவது மிதவைகளை வலமும் இடமுமாக வளைந்து சுற்றிப் போவதைத் தொடங்கியிருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. இந்தக் கட்டத்தில் சும்மா ஓட்டிக்கொண்டே இருந்தால் முன்னேற்றம் வராது, தவறுதான் ஊறிப்போகும். கோச்சின் கண் வேண்டும். கோச்சிடம் சரியாகக் கேட்கவும் தெரிய வேண்டும்.

முதலில் கோர்ஸைப் புரிந்துகொள்ளுங்கள்

படகு நடுக்கோட்டில் நேராகப் போகும். கோர்ஸின், அதாவது மிதவைகள் போட்ட பாதையின் நீளம் 259 மீட்டர். நுழைவு கேட்டிலிருந்து (இரண்டு மிதவைகளுக்கு நடுவே இருக்கும் வாசல்) 27 மீட்டரில் முதல் மிதவை, அதன்பின் 41 மீட்டருக்கு ஒன்றாக மொத்தம் ஆறு. நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, வலமும் இடமுமாக மாறி மாறி இருக்கும். மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் (போட்டியில் ஆண்களுக்கு அதுதான் உச்சவேகம், பெண்களுக்கு 55) இவ்வளவும் சுமார் 16 விநாடியில் முடிந்துவிடும். அந்த வேகத்தை எட்டியவர்களுக்கு, சுற்றுக்குச் சுற்று ரோப்பைக் குறைப்பார்கள்: 18.25 மீட்டர், 16, 14.25, 13, 12, 11.25 என்று. 11.25-க்கு வந்தால் ரோப்பே மிதவை வரை எட்டாது, உடம்பை நீட்டித்தான் சுற்ற வேண்டும். அதெல்லாம் பிறகு. தொடக்கத்தில் 18.25 மீட்டர் ரோப்பும் குறைந்த வேகமும் போதும்.

வீடியோ எடுப்பது

விழுந்த இடத்தை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். புதிதாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். மூன்றாவது மிதவையில் விழுந்தால் காரணம் மூன்றாவதில் இருப்பது அபூர்வம். இரண்டாவதில் திரும்பிய விதத்திலோ, அதற்கும் முன்பு கேட்டுக்குள் நுழைந்த நேரத்திலோ இருக்கும். கயிறு பிடித்து நடவு நடும்போது முதல் வரிசை கோணினால் கடைசி வரிசை எங்கே போய் நிற்கும் என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இங்கேயும் அதுதான் கதை. கேட்டுக்கு முன்னாலேயே பதிவைத் தொடங்கி, முழு ஓட்டத்தையும் அனுப்புங்கள்.

போனைக் கிடைமட்டமாகப் பிடித்து, படகில் ரோப் கட்டியிருக்கும் கம்பத்துக்குப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கீயின் முனை, கைப்பிடி, தலை மூன்றும் எப்போதும் படத்துக்குள் இருக்க வேண்டும், ஆகவே அதிகம் ஜூம் வேண்டாம். ஸ்லோ மோஷன் இருந்தால் ஒரு ஓட்டத்தை அதிலும் எடுங்கள். உங்களைக் கவனித்து டிரைவரிடம் சொல்ல உட்கார்ந்திருப்பவரையே படமெடுக்கச் சொல்வது கூடாது. அவர் கண் திரையில் இருந்தால் நீங்கள் விழுந்ததை யார் பார்ப்பது?

கேள்வியை எழுதுவது

"எப்படி இருக்கு சார்?" என்று கேட்டால் "நல்லா இருக்கு தம்பி" என்றுதான் பதில் வரும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"அண்ணா, இடது கால் முன்னால். வேகம் 46, ரோப் 18.25. மூன்றாவது மிதவைக்கு எப்போதும் லேட்டாக வருகிறேன். கேட்டிலிருந்து முழு ஓட்டமும் அனுப்பியிருக்கிறேன். எந்த இடத்தில் நேரம் போகிறது?"

எந்தக் கால் முன்னால் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு கால் முன்னால் இருப்பதால் இடுப்பு ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். அதனால் ஒரு பக்கத் திருப்பம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் வருவது இயல்பு. இது தெரிந்தால்தான் கோச் உங்கள் தவறையும் இந்த இயல்பையும் பிரித்துப் பார்ப்பார்.

பதில் வந்ததும்

கோச் ஐந்து விஷயம் சொல்வார். அதில் எதை முதலில் செய்வது என்று அவரிடமே கேட்டு, அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 16, 20 விநாடிக்குள் இரண்டு திருத்தங்களை மூளை தாங்காது. தொடக்கக்காரர்களுக்குப் பெரும்பாலும் வரும் பதில்: கை மடங்குகிறது, இடுப்பு பின்னால் போகிறது, அல்லது படகின் அலையைத் தாண்டியதுமே ஒரு கையை விட்டுவிடுகிறீர்கள். மூன்றுக்கும் மருந்து தரையில் இருக்கிறது.

லீவில் ஊருக்கு வரும்போது

வீட்டு வாசல் புங்கமரத்தில் இடுப்பு உயரத்துக்கு, இழுபடாத நல்ல கயிற்றைக் கட்டி, மறுமுனையில் கைப்பிடியைக் கோத்துக்கொள்ளுங்கள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகே உடம்பை நம்பி விடுங்கள். சரளையில் கால் வழுக்கும், களத்துமேடோ புல்தரையோ நல்லது.

ஸ்கீயில் நிற்பதுபோல ஒரு பாதம் முன்னால், ஒன்று பின்னால். ஒரு உள்ளங்கை மேல்நோக்கி, மற்றது கீழ்நோக்கிக் கைப்பிடியைப் பிடியுங்கள். கை நேராக இருக்கட்டும், முழங்கை விலாவோடு ஒட்டட்டும், கைப்பிடி இடுப்புக்கு அருகில் தாழ்ந்திருக்கட்டும். முழங்காலும் கணுக்காலும் லேசாக மடங்க, மரத்திலிருந்து விலகிச் சாயுங்கள். இப்போது தம்பியையோ தங்கையையோ பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். காது, தோள், இடுப்பு, கணுக்கால் ஒரே கோட்டில் இருக்கிறதா? இடுப்பு பின்னால் தள்ளியிருந்தால், பாரம் முழுவதும் முதுகிலும் முன்கையிலும் ஏறும், அரை நிமிடத்தில் முன்கை கடுக்கும். இடுப்பைக் கைப்பிடி நோக்கி முன்னே கொண்டுவந்தால் அதே பாரம் உள்ளங்காலுக்கு இறங்குவது தெரியும். தண்ணீரில் தேட வேண்டியது இந்த உணர்வைத்தான். பார்வை கீழே வேண்டாம், எதிர்ப்பக்கம் தூரத்தில் இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். ஊருக்கு வந்த உற்சாகத்தில் காவிரியிலோ கொள்ளிடத்திலோ படகு கட்டி இழுக்கப் பார்க்காதீர்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்துவிட்டால் ஆறு நிறைந்துதான் தெரியும். ஆனால் மணல் அள்ளிய பள்ளம் ஒரு இடத்தில், முழங்கால் ஆழத் திட்டு அடுத்த இடத்தில். ஷட்டர் பக்கம் இழுப்பு வேறு. ஸ்லாலமுக்கு நீரோட்டமில்லாத, ஒரே சீரான ஆழமுள்ள தண்ணீர் வேண்டும். சின்ன வயதிலேயே ஆற்றில் நீந்தியவர்களுக்கும் இது பொருந்தும். வேறெங்கே ஓட்டினாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்க வேண்டாம்.

திரும்பிப் போனதும்

முதல் நாள் வழக்கமான வேகத்தைவிடக் குறைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலைக் கீழே காட்டினால் டிரைவர் புரிந்துகொள்வார். மிதவைகளை மறந்துவிட்டு, படகின் இரண்டு அலைகளையும் குறுக்கே கடந்து கடந்து, மரத்தடியில் பழகிய நிலையை மட்டும் பிடியுங்கள். இரண்டாவது அலையைத் தாண்டிய பிறகும் இரண்டு கையும் கைப்பிடியிலேயே இருக்கட்டும். ஸ்கீ விளிம்பு மாறி, ரோப் தானே உங்களை வெளியே கொண்டுபோகும்போதுதான் ஒரு கையை விட வேண்டும். அது வந்ததும் கோர்ஸுக்குள் போய், பழைய அதே இடத்திலிருந்து, அதே ரோப் நீளத்தில் வீடியோ எடுத்து, முந்தையதோடு சேர்த்து கோச்சுக்கு அனுப்புங்கள்.