ரீவியைக் காட்டி ஆங்கிலத்தில் கதைக்க வைப்பது எப்படி?

ஆங்கில வகுப்பில் அரை மணித்தியாலம் ரீவியை ஓடவிட்டு, "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "குட் மிஸ்" என்ற பதிலோடு எல்லாம் முடிந்துவிடும். எல்லோரும் ஒரே காட்சியைப் பார்த்த பிறகு யார் யாருக்கு எதைச் சொல்வது? ஒருவர் கண்டதை மற்றவர் காணாமல் இருந்தால்தான் வாய் திறக்க வேண்டிய தேவை வரும்.

அதற்கு நல்ல வழி, பாதிப் பேரைத் திருப்பி இருத்துவது. கதிரைகளை இரண்டிரண்டாகப் போடுங்கள். ஒருவர் திரையைப் பார்க்க, மற்றவர் திரைக்கு முதுகு காட்டி அவரைப் பார்த்தபடி இருக்கட்டும். சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு ஒரு நிமிடத் துண்டைப் போடுங்கள். பார்ப்பவர் நடப்பதை உடனுக்குடன் சொல்ல வேண்டும்: "ஹீ இஸ் ஓப்பனிங் த பாக்ஸ்." முதுகு காட்டியவர் சும்மா கேட்டுக்கொண்டிராமல் "வை?", "வட் இஸ் இன்சைட்?" என்று கேள்வி கேட்க வேண்டும். பிறகு இடம் மாறி அடுத்த நிமிடம். கடைசியில் முழுத்துண்டையும் எல்லோருக்கும் போட்டுக் காட்டினால், "யூ டிட்ன்ட் டெல் மீ தட்!" என்று தாங்களாகவே வாக்குவாதத்தைத் தொடங்குவார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

இதற்கு மிஸ்டர் பீன் நன்றாகப் பொருந்தும். 1990இல் தொடங்கிய அந்தத் தொடரில் வசனம் மிகக் குறைவு. கை, கால், முகம்தான் கதை சொல்லும். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கச் சொல்வதற்கு அதை எடுக்காதீர்கள். பலர் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள், முடிவை முதலே சொல்லிவிடுவார்கள்.

ரீவி நிகழ்ச்சி ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பின்னேரங்களில் வீடுகளில் ஓடும் தமிழ்ச் சீரியலில் இரண்டு நிமிடத்தை எடுத்து, சத்தத்தை நிறுத்திப் போடுங்கள். மாமி கதவடியில் நின்று ஒட்டுக்கேட்கிறா, மருமகள் தொலைபேசியில் கதைக்கிறா. மூன்று பேர் கொண்ட குழு அதற்கு ஆங்கில வசனம் போட வேண்டும். கதை தெரிந்ததால் விளங்கவில்லை என்ற பயம் இல்லை, மொழியில் மட்டும் கவனம் இருக்கும். பெரியவர்கள் படிக்கும் வகுப்பிலும் இதற்குத்தான் அதிகம் சிரிப்பு எழும். ஆங்கில நகைச்சுவைத் தொடர்களைத் தொடக்க வகுப்புக்குக் கொண்டுவருவதோ பெரும்பாலும் வீண்: பகிடி விளங்காது, பின்னணிச் சிரிப்பு மட்டும் கேட்கும்.

ஆங்கில வசனத்தோடு காட்டுவதென்றால், 40 நிமிடப் பாடவேளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று நிமிடத் துண்டு போதும். முதல் முறை கீழே எழுத்து ஓடாமல் போடுங்கள், இரண்டாம் முறை ஆங்கில எழுத்தோடு. தமிழ் எழுத்து வேண்டாம். கண் அங்கேயே போய்விடும், காது வேலை செய்யாது. யாராவது ஒரு முடிவு எடுக்கப்போகும் கணத்தில் நிறுத்துங்கள். "கார் என்ன நிறம்?" என்ற கேள்வி ஒரு சொல்லோடு முடியும். "இதை அவன் தாயிடம் சொல்ல வேண்டுமா?" என்ற கேள்விக்குக் காரணமும் சொல்லியாக வேண்டும். "ஐ திங்க்... பிகாஸ்", "மேபி", "ஐ டோன்ட் அக்ரீ" ஆகியவற்றை முதலே பலகையில் எழுதிவிடுங்கள், தொண்டையில் சிக்கிய வசனத்துக்கு அவை பிடிமானம்.

கதைக்கும்போது இடையில் புகுந்து பிழை திருத்தினால், கூச்சப் பிள்ளை அதோடு வாயை மூடிவிடும். சுற்றிவந்து பிழைகளைக் கொப்பியில் குறித்து, கடைசி ஐந்து நிமிடத்தில் ஆளைச் சொல்லாமல் நான்கைந்தை மட்டும் பலகையில் திருத்துங்கள். தமிழில் இல்லாத 'எ' (a), 'த' (the) என்ற ஆங்கிலச் சொற்கள் விடுபடுவது எப்போதும் இருக்கும். அன்றைக்கு அதை விட்டுவிடலாம். ஆணும் பெண்ணும் சேர்ந்த வகுப்பில் முதல் இரண்டு கிழமையும் அவரவர் விரும்பியவரோடு சோடி சேரட்டும். ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளையைக் குறிப்பெடுப்பவராகப் போடுங்கள், இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு வாய்ப்பே வராது.

வீடியோவை முதல்நாளே தரவிறக்கிப் பென் ட்ரைவில் வையுங்கள். இணையத்தை நம்பினால் நடுவில் சுற்றிக்கொண்டு நிற்கும். தகரக் கூரைக்குக் கீழே நடக்கும் ரியூசன் வகுப்பென்றால் தனி ஸ்பீக்கர் கட்டாயம், காற்றாடியின் இரைச்சலே வசனத்தை விழுங்கிவிடும். கார்த்திகை மழை தகரத்தில் கொட்டும் நாளில் சத்தமில்லாத துண்டுதான் கைகொடுக்கும்.