செல் சட்டகத்தைக் கலைத்து ஹார்மோன் ஏற்பியைப் பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு செல்லின் உள்கூடான சட்டகத்தை (நுண்குழல், ஆக்டின் இழை) மருந்தால் கலைத்து, ஹார்மோன் ஏற்பி என்ன ஆகிறது என்று பார்க்கும் தலைப்பை எடுப்பவர்களுக்கு முதல் எதிரி பாடப்புத்தகப் படம்தான். கார்ட்டிசால் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிப் புரதத்தை டைனீன் என்ற மோட்டார் புரதம் நுண்குழல்மேல் இழுத்துக்கொண்டு உட்கருவுக்குப் போவதாக அதில் வரைந்திருக்கும். எண்ணூர் விரைவுச்சாலையை அடைத்தால் கன்டெய்னர் லாரி துறைமுகத்துக்குப் போகாது அல்லவா, அதே கணக்கில் நோகோடசோல் போட்டு நுண்குழலைக் கலைத்தால் ஏற்பி பாதி வழியில் நிற்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். நிற்காது. குழல் இல்லாவிட்டால் வெறும் பரவலிலேயே (diffusion) உள்ளே போய்விடும். ஏற்பியோடு ஒட்டியிருக்கும் எச்.எஸ்.பி.90 என்ற துணைப் புரதத்தை ஜெல்டனமைசினால் தடுத்தால் ஏற்பியின் வேகம் நன்றாகக் குறையும்; அதோடு நுண்குழலையும் கலைத்துவிட்டால் மறுபடி வேகம் பிடிக்கும். இது தெரியாமல் “மருந்து வேலை செய்யவில்லை” என்று டோஸை ஏற்றுகிறவர்கள்தான் அதிகம்.

டோஸைவிட நேரம்தான் ஆளைக் கவிழ்க்கும். 10 மைக்ரோமோலார் நோகோடசோல் 30 முதல் 60 நிமிடம் போதும். ராத்திரி முழுக்க விட்டால் செல்கள் பிரிதல் நிலையில் மாட்டிக்கொள்ளும். அப்போது உட்கரு உறையே கரைந்திருக்கும்; ஏற்பி உள்ளேயா வெளியேயா என்று எண்ணுவதற்கு அர்த்தமே இல்லை. இன்னொன்றும் உண்டு. நுண்குழல் கலையும்போது அதில் ஒட்டியிருந்த ஜி.இ.எஃப்.-எச்1 புரதம் விடுபட்டு ரோ-ஏ என்ற சமிக்ஞைப் புரதத்தைத் தூண்டும், ஆக்டின் கற்றைகள் தடிக்கும். நீங்கள் பார்த்த மாற்றம் குழலால் வந்ததா, ஆக்டினால் வந்ததா? ரோ-ஏவுக்கு அடுத்து வரும் ராக் (ROCK) நொதியை அடைக்கும் ஒய்-27632 மருந்தை 10 மைக்ரோமோலார் சேர்த்த ஒரு கிணறு (செல் தட்டின் குழி) இல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஆக்டின் பக்கம் வந்தால், இன்சுலின் குளுக்கோஸ் உறிஞ்சல் சோதனையில் சைட்டோகலாசின் பி போடவே கூடாது. அது குளுக்கோஸை உள்ளே விடும் குளூட் கடத்தியையே நேராக அடைக்கும். சட்டகம் கலைந்ததால் குறைந்தது என்று தப்பாக எழுதிவிடுவீர்கள். சைட்டோகலாசின் டி அல்லது லேட்ரன்குலின் எடுங்கள். ஆனால் அவை இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. லேட்ரன்குலின், இழையில் சேராத தனி ஆக்டினை, எஸ்.ஆர்.எஃப். மரபணுக்களை இயக்கும் எம்.ஆர்.டி.எஃப். புரதத்தோடு கட்டியே வைத்திருக்கும், அந்த மரபணுக்கள் அணையும். சைட்டோகலாசின் டி அந்தக் கட்டை அவிழ்க்கும், அதே மரபணுக்கள் எரியும். இரண்டுமே இழைகளைக் கலைக்கின்றன. அந்த மரபணு வேலையை ஒளியாகக் காட்டும் லூசிஃபெரேஸ் அளவு மட்டும் எதிரெதிராக வரும். ஒரே மருந்தை வைத்து “ஆக்டின் தேவை” என்று எழுதினால் வைவாவில் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். இழையை உறுதியாக்க ஜாஸ்ப்ளகினோலைடு போட்டீர்களா? பிறகு ஆக்டின் இழையைக் காட்டும் ஃபலோய்டின் சாயம் ஏறாது, இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். சாயம் மங்கியிருப்பதைப் பார்த்து இழை அழிந்துவிட்டது என்று எழுதாதீர்கள்.

செல்லை நிலைநிறுத்தும்போது (fixing) பாவம், பலர் பழக்கதோஷத்தில் தட்டை ஐஸில் வைத்து பி.பி.எஸ். உப்புக் கரைசலால் கழுவுவார்கள். குளிரில் நுண்குழல் தானே கலையும். மருந்தே போடாத கன்ட்ரோலும் மருந்து போட்டது போலத் தெரியும். 37 டிகிரியில் சூடாக்கிய ஃபெம் (PHEM) கரைசலை எடுங்கள்: பைப்ஸ் 60, ஹெப்பெஸ் 25, ஈ.ஜி.டி.ஏ. 10, மக்னீசியம் குளோரைடு 2 மில்லிமோலார், பி.எச். 6.9. அதிலேயே 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு, 15 நிமிடம். ஃபலோய்டின் போடப்போகிறீர்கள் என்றால் மெத்தனால் வேண்டாம்.

வேண்டாத ஹார்மோன் கலந்துவிடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சாதாரண சீரத்தில் ஸ்டீராய்டு இருக்கும். நீங்கள் ஹார்மோன் சொட்டு விடும் முன்பே ஏற்பி உட்கருவில் உட்கார்ந்திருக்கும். கரியால் வடித்து ஸ்டீராய்டை நீக்கிய சீரத்தில் செல்களை 48 மணி நேரமாவது வையுங்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்றால் ஃபீனால் ரெட் இல்லாத மீடியம் கட்டாயம். அந்தச் சாயத்துக்கு ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு என்பது 1986லேயே வெளிவந்துவிட்டது.

கடைசியாக நம்ம ஊர்ச் சங்கதி ஒன்று. புரோட்டோகால் சொல்லும் “அறை வெப்பநிலை” 20 முதல் 25 டிகிரி. மே மாதம் ஏ.சி. நின்ற தண்டையார்பேட்டை அறை அது இல்லை. ஆன்டிபாடி நேரத்தைக் கடிகாரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தெர்மாமீட்டரையும் பாருங்கள். கடற்காற்றின் ஈரத்தை, மருந்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. சுலபமாக உறிஞ்சும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியைக் குளிர் விடும்வரை திறக்காதீர்கள். மருந்தை 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, எடுத்ததைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். மீடியத்தில் டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கன்ட்ரோல் கிணற்றிலும் அதே அளவு இருக்க வேண்டும்.