டைம் அவுட்டை எப்போது கேட்பது?
தருமபுரியில் என்னிடம் டேபிள் டென்னிஸ் பழகும் பிள்ளைகள் பலர் டைம் அவுட்டை, அதாவது ஆட்டத்தின் நடுவே கேட்டு வாங்கும் சிறு இடைவேளையை, பொத்திப் பொத்தி வைத்து, கேட்காமலேயே தோற்றுவிடுகிறார்கள். மனது பதறுகிறது. பல கேம்கள் சேர்ந்த ஒரு முழு ஆட்டத்துக்கும் ஒன்றுதான், அதிகபட்சம் 1 நிமிடம். எதிராளி வரிசையாக 3 புள்ளி எடுத்தாலே கைகளால் 'டி' வடிவம் காட்டிவிடுங்கள். 4-9 ஆனபின் பெரும்பாலும் பயனில்லை. கடைசி கேமில் 8-8, சர்வீஸ் உங்களுடையது என்றால் அதுதான் பொன்னான நேரம்: அடுத்தடுத்து நீங்கள் போடும் இரண்டு சர்வீஸையும் முடிவுசெய்துகொண்டு மேசைக்குப் போகலாம். அந்த நிமிடத்தில் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: "பேக்ஹேண்டுக்கு நீளமாகப் போடு, கண்ணு." தனிநபர் போட்டியில் 'டைம் அவுட் வேண்டாம்' என்று பயிற்சியாளர் சொன்னாலும் ஆட்டக்காரர் முடிவே செல்லும், தயங்காதீர்கள். மூச்சு வாங்க மட்டும் கேட்காதீர்கள். அதற்குத்தான் 6 புள்ளிக்கு ஒருமுறை துண்டால் துடைக்க அனுமதி உண்டு.