ஆக்சஸ் படிவத்தில் தேர்ந்தெடுத்த வரியின் நிறத்தைத் தக்கவைத்தல்

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் கன்டினியூவஸ் ஃபார்ம் (பதிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரி வரியாகக் காட்டும் படிவம்) அமைத்து, பயனர் நிற்கும் வரியை மட்டும் வேறு நிறத்தில் காட்ட விரும்புபவர்கள், ஒரு பதிவுக்கு நகரும்போது இயங்கும் கரன்ட் நிகழ்வில், பதிவுகள் வரையப்படும் டீடெய்ல் பகுதியின் பின்னணி நிறத்தை மாற்றிப் பார்ப்பது வழக்கம். உடனே எல்லா வரிகளும் சேர்ந்து நிறம் மாறிவிடும். திரையில் இருபது வரிகள் தெரிந்தாலும் படிவத்தில் உண்மையில் இருப்பது ஒரே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ்தான். அதுவே ஒவ்வொரு பதிவுக்கும் திரும்பத் திரும்ப வரையப்படுகிறது. ஆகவே நிறத்தை நிரலால் பூசாமல், எந்தப் பதிவுக்கு நிறம் வேண்டும் என்பதைப் படிவமே ஒப்பிட்டு அறியும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கிடம் (நிபந்தனை பொருந்தினால் மட்டும் தோற்றத்தை மாற்றும் வசதி) விட வேண்டும்.

முதலில், படிவத்தின் தலைப்பகுதியில் எந்தப் புலத்தோடும் இணைக்கப்படாத ஒரு டெக்ஸ்ட் பாக்ஸை வைத்து, அதன் விசிபிள் பண்பை ‘நோ’ என மாற்றுங்கள். கரன்ட் நிகழ்வில், நடப்புப் பதிவின் பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் புலம்) மதிப்பை அந்தப் பெட்டிக்குள் எழுதுங்கள். அடுத்து, டீடெய்ல் பகுதி முழுவதையும் நிரப்பும் அளவில் இன்னொரு டெக்ஸ்ட் பாக்ஸை வரைந்து, எல்லாவற்றுக்கும் பின்னால் தள்ளி, எனேபிள்ட் பண்பை ‘நோ’ என்றும் லாக்ட் பண்பை ‘யெஸ்’ என்றும் வையுங்கள். அப்போதுதான் அது மங்கலாகாமலும் கர்சரை ஏற்காமலும் இருக்கும். அதற்கான நிபந்தனையை எக்ஸ்பிரஷன் வகையில் எழுதி, பதிவின் கீ மறைபெட்டியின் மதிப்புக்குச் சமமானால் நிறம் மாற வேண்டும் எனக் குறிப்பிடுங்கள். முன்னால் உள்ள பெட்டிகளின் பேக் ஸ்டைல் டிரான்ஸ்பரன்டாக இருக்க வேண்டும். ஆனால் கர்சர் நுழைந்ததும் டிரான்ஸ்பரன்ட் பெட்டியும் தன் சொந்தப் பின்னணி நிறத்தைக் காட்டிவிடும் என்பதால், அந்த நிறத்தையும் வரியின் நிறமாகவே வைப்பது நல்லது. இல்லாவிட்டால் நிறமிட்ட வரியின் நடுவே ஒரு வெள்ளைக் கட்டம் துருத்திக்கொண்டு நிற்கும்.

புதிய பதிவுக்கான வெற்று வரியில் கீ ‘நல்’ (மதிப்பே இல்லாத நிலை) ஆக இருக்கும். நல் எதற்கும் சமமாகாது. ஆகவே அந்த வரி நிறம் பெறாது. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல், தரவை மூலத்திலிருந்து மீண்டும் எடுக்கும் ரீக்வெரியில்தான் தொடங்குகிறது. ரீக்வெரி செய்ததும் படிவம் முதல் பதிவுக்குத் தாவுகிறது. அந்தத் தாவலே கரன்ட் நிகழ்வைத் தூண்டிவிடுவதால், மறைபெட்டியில் இருந்த எண்ணும் மாறிப்போகிறது. எனவே ரீக்வெரிக்கு முன்பே கீ மதிப்பை ஒரு மாறியில் எடுத்து வைத்து, பிறகு ரெக்கார்ட்செட்குளோனில் (படிவத்தின் பதிவுத் தொகுப்பின் நகல்) ஃபைன்ட்ஃபர்ஸ்ட் மூலம் அந்தக் கீயைத் தேடி, நோமேட்ச் ‘ஃபால்ஸ்’ என்றால் (அதாவது பதிவு கிடைத்தால்) மட்டும் குளோனின் புக்மார்க்கைப் (பதிவின் இடக்குறி) படிவத்தின் புக்மார்க்குக்கு அளிக்க வேண்டும். கீக்குப் பதிலாகப் புக்மார்க்கையே முன்கூட்டிச் சேமித்து வைப்பது பயன் தராது, ஏனெனில் ரீக்வெரிக்குப் பின் பழைய புக்மார்க் செல்லாது. வரியின் வரிசை எண்ணைச் சேமிப்பது அதைவிட ஆபத்தானது: இடையில் வேறொருவர் ஒரு பதிவைச் சேர்த்திருந்தால், பிழைச் செய்தி எதுவும் வராமலே தவறான வரி நிறம் பெற்றுவிடும். ஏற்கெனவே இருக்கும் பதிவுகளின் புதிய மதிப்புகள் மட்டும் தெரிந்தால் போதும் என்றால் ரீஃப்ரெஷ் செய்யுங்கள்; அது நடப்புப் பதிவை விட்டு நகராது, ஆனால் பிறர் புதிதாகச் சேர்த்த பதிவுகளைக் கொண்டுவராது.

படிவத்துக்குப் பதிலாக லிஸ்ட் பாக்ஸைப் பயன்படுத்தினால் வேலை குறைவு. ஒரே வரியைத் தேர்ந்தெடுக்கும் லிஸ்ட் பாக்ஸில், ‘பவுண்ட் காலம்’ எனப்படும், பெட்டியின் மதிப்பைத் தரும் நெடுவரிசையில் உள்ள கீ மதிப்பை ரீக்வெரிக்கு முன் எடுத்துக்கொண்டு, பிறகு அதே மதிப்பைத் திரும்ப அளித்தால் உரிய வரி மீண்டும் ஒளிரும். நிரல் வழியே மதிப்பை அளிக்கும்போது ஆஃப்டர்அப்டேட் நிகழ்வு இயங்காது என்பதால், அதைச் சார்ந்த வேலைகளை நீங்களே தனியாக அழைக்க வேண்டும். லிஸ்ட்இன்டெக்ஸ் (வரியின் வரிசை எண்) மூலம் தேர்வை அமைக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் கர்சர் அந்தப் பெட்டியில் இல்லாதபோது அதை அமைத்தால் 7777 என்ற பிழை எண்தான் கிடைக்கும். பல வரிகளைத் தேர்ந்தெடுக்கும் லிஸ்ட் பாக்ஸின் மதிப்பு எப்போதும் ‘நல்’ ஆகவே இருக்கும். அங்கே ஐட்டம்ஸ்செலக்டட் தொகுப்பிலிருந்து கீக்களைத் திரட்டி வைத்து, ரீக்வெரிக்குப் பின் ஒவ்வொரு வரியாகச் சுற்றி, பொருந்தும் வரிகளின் செலக்டட் பண்பை ‘ட்ரூ’ ஆக்க வேண்டும். ‘காலம் ஹெட்ஸ்’ (நெடுவரிசைத் தலைப்புகள்) இயக்கத்தில் இருந்தால் தலைப்பு வரியும் லிஸ்ட்கவுன்ட்டில் (வரிகளின் எண்ணிக்கை) எண்ணப்படுவதால், அப்போது சுற்றை 0-க்குப் பதிலாக 1-இலிருந்து தொடங்குங்கள்.